காய்கறிக்கு சோப்புத் தண்ணீர் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில், காய்கறி அலசும் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விடலாம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. கொரோனா சமயத்தில் பயத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். சில வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கீரையும் காலிஃப்ளவரும் சோப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. வயிற்றுக்குள் போகிற பொருளா அது?

ஆப்பசோடா எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 10 கிராம், அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன் சோடா. 12 முதல் 15 நிமிடம் ஊறியதில் தோல்மேல் இருந்த பூச்சிமருந்து, வெறும் தண்ணீரில் போனதைவிட நன்றாகவே போயிருக்கிறது. நேரம்தான் முக்கியம், முக்கி எடுத்தால் பயனில்லை. தோலுக்குள் இறங்கிவிட்ட மருந்தைக் கழுவி எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோடாவோடு வினிகரையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். நுரை பொங்கும், அவ்வளவுதான். ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

கறிவேப்பிலைக்கு நான் புளித்தண்ணீர்தான் வைக்கிறேன். கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன வழி இது. லிட்டருக்கு 20 கிராம் புளியைக் கரைத்து, கால் மணி நேரம் போட்டுவைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுவேன். துவையலுக்குக் கைப்பிடி கைப்பிடியாக அரைக்கிறோமே, இதில் சோம்பல் படக்கூடாது.

காலிஃப்ளவரை உப்பு, மஞ்சள் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் புழு வெளியே வரும். ஆனால் மஞ்சள் போட்டதால் கிருமியெல்லாம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதற்கு அடுப்புதான். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட்டைக் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு தோல் சீவுங்கள். முதலில் சீவினால் மேலே உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். கொத்தமல்லியை அகலப் பாத்திரத்தில் அலசி இலையை மேலே தூக்கி எடுங்கள், மண் அடியில் தங்கிவிடும்.

திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அந்தக் குறிப்பை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பவர்கள் கண்ணில் அது பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி