லேசர் இப்போது வேண்டாம், தங்கம்

அன்புள்ள தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாடி வேலை இன்னும் முடியவில்லை. நீ அனுப்பிய செய்தியைச் சின்னவள் என்னிடம் காட்டிவிட்டாள், அவளைத் திட்டாதே. இந்த மாதமே கால் முடியை நீக்க லேசர் எடுக்கப் போகிறாயாமே. வேண்டாம்மா. பார்லர் நடத்தி உங்கள் இருவரையும் படிக்க வைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

லேசரின் ஒளி முடியில் உள்ள மெலனின் என்ற நிறப்பொருளைத் தேடிப் போய்ச் சுடுகிறது. வெயிலில் கறுத்த காலில் அதே மெலனின் மேல்தோலிலும் கூடுதலாக இருக்கும், சூடு அங்கேயே இறங்கிவிடும். முதலில் கொப்புளம், பிறகு கருந்தழும்பு, சிலருக்கு வெள்ளைத் திட்டு. உனக்கு நீச்சல் உடுப்புக் கோடு வேறு விழுந்திருக்கும். கோட்டுக்கு மேலே உள்ள தோலுக்குச் சரியாக இருக்கும் அளவு கீழே உள்ள தோலைச் சுட்டுவிடும். கோவா போய்வந்த கையோடு எங்கோ லேசர் எடுத்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். முழங்காலுக்குக் கீழே பட்டை பட்டையாகத் தடம். அது மறையப் பல மாதம் ஆனது. எடுத்த பிறகும் வாரக்கணக்கில் வெயில் படக்கூடாது. ஜனவரியில் உங்கள் ஆஸ்திரேலிய பெர்த் வெயிலுக்கு யூவி (புற ஊதாக் கதிர்) குறியீடு 11-ஐத் தாண்டும்போது நீ எங்கே போய் ஒளிவாய்?

அதோடு பிப்ரவரியில் ராட்நெஸ்ட் தீவு நீச்சல் போட்டி இருக்கிறது. காட்டஸ்லோ கடற்கரையிலிருந்து தீவு வரை 19.7 கிலோமீட்டர், நீங்கள் நாலு பேர் மாறி மாறி நீந்துகிறீர்கள் என்று பார்லருக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கிணற்றடிக்கே போகப் பயந்த பெண்ணா என்று பெரியம்மா கேட்கிறாள்.

அதுவரை ரேசர் போதும். முடி தடித்து வளரும் என்பது பொய், என் கஸ்டமர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். புது பிளேடு, ஜெல், முடி சாயும் பக்கமாகவே இழு. முந்தின நாள் இரவே செய்துவிடு, காலையில் செய்துவிட்டு உப்புத் தண்ணீரில் இறங்கினால் எரியும். வேக்ஸ் என்றால் கால் அங்குலம் முடி வளர விட வேண்டும், எடுத்த மறுநாள் வரை கடலும் வெயிலும் ஆகாது. தோலுக்குள்ளேயே சுருளும் முடி நம் தோலில் கரும்புள்ளியை விட்டுப் போகும். நீ தினமும் நீந்துகிறவள், அது உனக்குச் சரிப்படாது.

வெயிலில் ஏறிய நிறம் ரேசரில் போய்விடும் என்று பயப்படாதே. ரேசர் எடுப்பது மேலே உள்ள செத்த தோலை மட்டும்தான். ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காமல், தினமும் மாய்ஸ்சரைசர் தடவு. அதற்காக சன்ஸ்கிரீனை விட்டுவிடாதே. நம் தோலும் வெயிலில் கெடும். இங்கே வருகிறவர்கள் எல்லாம் வெயில் கறுப்பை எடுக்கும் டீ-டேன் கேட்கிறார்கள். உனக்கு இந்த நிறம் பிடித்திருக்கிறது என்றால் இருக்கட்டும், போட்டோவில் உன் தோளைப் பார்த்து எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அன்றைக்கு அத்தை போனில் பேசியதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு நீ வீடியோவில் வருவதே இல்லை.

லேசர்தான் வேண்டுமென்றால் அங்கே குளிர்காலம் வரட்டும், ஜூன், ஜூலை. நிறம் இறங்கியிருக்கும். நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு, அது இருக்கிறதா என்று கேள். லேசருக்குப் பதில் ஐபிஎல் என்ற பளிச்சொளி மெஷின் என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடு. முதலில் சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல். ஆனால் இப்போது வேண்டாம்.

முன்பணம் திரும்பி வராவிட்டால் போகட்டும், அப்பா அனுப்புவார். லேசரை ரத்து செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. உன்னைப் பெண் கேட்ட திருநெல்வேலிக்காரர்களுக்கு வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். அந்தப் பேச்சு இனி வீட்டில் வராது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அம்மா