ஹெல்சிங்கியில் எங்கள் மகளை எங்களோடு சேர்ந்து வளர்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜூலை கடைசியில் நாங்கள் ஹெல்சிங்கியின் வுவோசாரிப் பகுதியை விட்டு, பின்லாந்தின் இன்னொரு நகரமான தம்பேரேவுக்குக் குடிபோகிறோம், என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. மகள் பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது எல்லாம் இந்த ஊரில்தான். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத இடத்தில் கேட்காமலே வந்து உதவியவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, சாமான்களை ஏற்றிக்கொண்டு பேசாமல் கிளம்பிப் போக மனசு வரவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தோழி ஒருத்தி இதைப் பின்னிஷில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் எனக்கு மனதில் இருப்பது தமிழில்தான் முழுதாக வரும், அதனால் முதலில் தமிழில்.

முதல் நன்றி எங்கள் நெயுவோலா செவிலியருக்கு. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கர்ப்பம் தொடங்கி குழந்தை பள்ளிக்கூடம் சேரும்வரை எடை, உயரம், தடுப்பூசி, தாயின் மனநிலை என்று எல்லாவற்றையும் கவனிக்க இங்கே இருக்கிற நிலையம்தான் நெயுவோலா, காசு எதுவும் கட்ட வேண்டாம். எனக்கு நவம்பரில் பிரசவம். அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார், பெட்டியில் வசம்பு, கருப்பட்டி, பிரசவ லேகியம், அப்புறம் சேனை வைப்பதற்கு ஒரு சின்ன சீசாவில் மலைத்தேன். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த செவிலியர் மேசையில் இருந்த அந்தச் சீசாவைப் பார்த்து என்ன என்று கேட்டார். நான் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. நேராக அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தேனில் சில நேரம் ஒரு கிருமியின் வித்து இருக்கும், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு வயது முடியாத குழந்தையின் குடலில் அது வளர்ந்து நரம்பைத் தாக்குகிற விஷத்தை உண்டாக்கிவிடும், அதனால் முதல் பிறந்தநாள் வரை தேன் வேண்டாம் என்று அம்மாவுக்கே எடுத்துச் சொன்னார், நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அதோடு விடாமல், உங்கள் ஊரில் குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவீர்கள் என்று கேட்டார். அம்மா காலை நீட்டி, கால் மேல் குழந்தையைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துக் காட்டினார். செவிலியர் குனிந்து முழுக்கப் பார்த்துவிட்டு, நல்லது, இதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றார். எங்கள் அம்மா யார் சொன்னாலும் லேசில் கேட்கிறவர் இல்லை. அன்றைக்குத் தேன் சீசாவை அவரே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார், மதித்துப் பேசினால் நடக்கிற காரியம் அது.

மகளுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு சரியாக வராத சமயத்தில், வீட்டில் தமிழை நிறுத்து, பின்னிஷ் மட்டும் பேசு, இல்லையென்றால் பிள்ளை குழம்பிவிடும் என்று உறவில் இருந்தும் வெளியில் இருந்தும் அறிவுரைகள் வந்தபடி இருந்தன. அந்தச் செவிலியர்தான் அடித்துச் சொன்னார்: உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருகிறதோ, திட்ட வருகிறதோ, கதை சொல்ல வருகிறதோ அதில் பேசுங்கள், பின்னிஷ் பைவாகோட்டியில் (பிள்ளைகளைப் பகலில் விடுகிற காப்பகத்தில்) வந்துவிடும். இன்று அவள் பாட்டியோடு வீடியோ காலில் அரை மணி நேரம் வாயாடுகிறாள் என்றால் அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பைவாகோட்டி ஆசிரியர்களுக்கு என்ன சொல்ல என்றே தெரியவில்லை. சேர்த்த புதிதில் ஒரு ஆசிரியர் என்னிடம் ஒரு தாளை நீட்டி, அவசரத்துக்குத் தேவையான தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுங்கள் என்றார். "தண்ணி", "பசிக்குதா", "வலிக்குதா", "தூக்கம் வருதா", "அம்மா வந்துடுவாங்க". பின்னிஷ் எழுத்தில் எழுதி, எதிரே அர்த்தமும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. சாயங்காலம் கூப்பிடப் போனபோது அந்த ஆசிரியர் அழுகிற என் மகளை மடியில் வைத்துக்கொண்டு "அம்மா வந்துடுவாங்க, அம்மா வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

குளிருக்கு உடுத்தச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். மைனஸ் 10 இருந்தாலும் பிள்ளைகள் வெளியே போய் விளையாடுவார்கள், அதற்கான ஏற்பாடு கச்சிதமாக இருக்கும். உள்ளே கம்பளி, அதன் மேல் ஒரு அடுக்கு, அதன் மேல் ஹாலாரி என்று சொல்கிற முழு உடம்பு அங்கி, அதன் கால்பட்டியை பூட்ஸின் அடியில் மாட்ட வேண்டும், கையுறையின் விளிம்பில் பனி புகாதபடி இழுத்துவிட வேண்டும். ஜாக்கெட் என்றால் தரையில் தலைகீழாக விரித்து, கழுத்துப் பக்கம் குழந்தையின் காலருகே இருக்கும்படி வைத்து, குனிந்து இரண்டு கைகளையும் நுழைத்து அப்படியே தலைக்கு மேல் தூக்கிப் போடச் சொல்வார்கள், ஜாக்கெட் தானாக முதுகில் வந்து விழும். மூன்று வயதில் என் மகள் இதைத் தானே செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! நனைந்த கையுறைகளை உலர்த்தும் அலமாரியில் ஒவ்வொன்றாக மாட்டி, சாயங்காலம் ஜோடி மாறாமல் எடுத்துக் கொடுத்த உதவியாளர்களுக்கும், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்று ஒரே ஒரு முறை சொன்னதை எந்த நாளும் மறக்காத சமையலறை அம்மாவுக்கும் பெரிய நன்றி.

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, உங்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், ஆனாலும் சொல்வேன். வீட்டுக்காரர் வேலையாக ஸ்டாக்ஹோம் போயிருந்த இரவு குழந்தைக்கு 40 டிகிரி காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு ஒரே அலறல். 116117க்குப் போன் செய்தேன், அந்த மருத்துவ உதவி எண்ணில் எடுத்த செவிலியர் பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு, இவ்வளவு மருந்து கொடுங்கள், இன்னின்ன அறிகுறி தெரிந்தால் உடனே கிளம்புங்கள் என்று சொல்லி வைத்தார். அவருக்கும் நன்றி. ஆனால் போனை வைத்த பிறகும் என் கை நடுங்கியது. அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "பயப்படாதேங்கோ, நான் இப்ப வாறன்" என்று பதில். நைட்டிக்கு மேல் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் இஞ்சித் தேநீர் பிளாஸ்கோடு வந்து, விடியும்வரை "என்ர குஞ்சு" என்று மகளைத் தோளில் போட்டு நடந்தீர்கள். காலையில் டாக்டர் காதில் சீழ் என்றார், மருந்து கொடுத்தார், சரியாயிற்று. புழுங்கலரிசி தீர்ந்த நாளில் பின்னிஷ் கஞ்சிக்கு விற்கிற குட்டை அரிசியையும் துருக்கித் தயிரையும் வைத்துத் தயிர்சாதம் பிசையக் கற்றுக் கொடுத்ததும் நீங்கள்தான், மகள் இன்றுவரை அதைத்தான் கேட்கிறாள்.

மேல்மாடிப் பாட்டிக்கு: ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எங்கள் கதவுப் பிடியில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தொங்கும், போன வருடத்து அளவைவிடச் சரியாக ஒரு சுற்றுப் பெரிதாக. கதவைத் தட்டமாட்டீர்கள். மாடியேறி வந்து நன்றி சொன்னால் கையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவீர்கள். இதை நீங்கள் படித்தே ஆக வேண்டும்.

தள்ளுவண்டியைப் பார்த்ததும் பஸ்ஸை நடைபாதைப் பக்கம் சாய்த்து, நடுக்கதவைத் திறந்து, நான் பிரேக் போடும்வரை காத்திருந்த ஓட்டுநர்களுக்கும் நன்றி. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவருக்கு இங்கே டிக்கெட் கிடையாது. டிசம்பரின் பிற்பாதியில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்கூட இருக்காது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மனசு எங்கேயோ போய்விடும். காசைப் பற்றி யோசிக்காமல் கிளம்பி ஹெல்சிங்கியின் பொது நூலகமான ஓடி (Oodi) நூலகத்தின் மூன்றாம் மாடிக்குப் போய், குழந்தையைத் தவழ விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார முடிந்ததே, அதுதான் அந்தக் குளிர்காலத்தை என்னைக் கடக்க வைத்தது.

கோடையில் பூங்காவில் சூப் ஊற்றுகிறவர்களையும் சொல்ல வேண்டும். ஹெல்சிங்கி நகராட்சி 1942இலிருந்து, போர்க்காலத்தில் தொடங்கி, கோடை விடுமுறையில் விளையாட்டுப் பூங்காக்களில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாக மதிய உணவு தருகிறது. கிண்ணமும் கரண்டியும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை, என்ன மொழி, அப்பா அம்மாவுக்கு என்ன சம்பளம் என்று ஒரு கேள்வி கிடையாது. சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள் நான், தட்டை நீட்டி வரிசையில் நின்றவள். என் மகள் அங்கே எவர்சில்வர் கிண்ணத்தோடு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஊற்றிக் கொடுத்தவர் அந்தக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார், அவளுக்கு அன்றெல்லாம் அதே பேச்சு.

கடைசியாக அம்மாவுக்கும் அத்தைக்கும். விசாவில் 90 நாள்தான் தங்கலாம் என்பதால் ஒருவர் கிளம்பி மற்றவர் வந்து, நான் வேலைக்குத் திரும்பும்வரை எங்களைத் தாங்கினீர்கள். மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், முழங்கால் வலியோடு பனியில் நடந்து. உங்கள் இருவருக்கும் நான் என்ன செய்தாலும் தகும்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற விளையாட்டுப் பூங்காவில் எல்லோருக்கும் சாப்பாடு. இட்லி, வடை, வெஜிடபிள் பிரியாணி, தயிர்சாதம், பாயசம், காரம் குறைத்துத்தான் செய்வேன். மகளுக்குச் சின்னதாகிப்போன ஹாலாரிகளும் பூட்ஸும் துவைத்து வைத்திருக்கிறேன், 86லிருந்து 110 வரை அளவு (பிள்ளையின் உயரம், செ.மீ.) இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வடை சூடாக வேண்டும் என்றால் பதினொரு மணிக்கே வந்துவிடுங்கள்.