சொந்த நம்பரையே 'ஏற்கனவே இருக்கு'ன்னு சொன்னா என்ன பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்க அம்மாவோட அட்ரஸை மாத்த ஒரு வெப்சைட்ல லாகின் பண்ணேன், பேரும் போன் நம்பரும் முன்னாடியே அதுல இருக்கு, அதை நான் தொடவே இல்ல, கதவு நம்பரை மட்டும் மாத்திட்டு சேவ் குடுத்தா "இந்த மொபைல் எண் ஏற்கனவே பதிவாகியுள்ளது"ன்னு சிவப்பு எழுத்துல வருது. ஏற்கனவே பதிவாகியிருக்கறது அம்மா பேர்லதானே! நாலஞ்சு தடவை போட்டுப் பாத்துட்டு கடைசில நான் லீவு போட்டு, முட்டிவலியோட அவங்களையும் கூட்டிட்டு நேர்ல போய்தான் மாத்த முடிஞ்சுது.

நானும் இதே மாதிரி வெப் அப்ளிகேஷன் எழுதுறவன்தான், அதான் மனசு கேக்கல. புதுசா பதிவு பண்ணும்போது "இந்த நம்பர் டேபிள்ல, அதாவது எல்லாரோட பதிவும் இருக்கற பட்டியல்ல, இருக்கா"ன்னு பாத்தா போதும், ஆனா எடிட் பண்ணும்போது அவங்களோட ரோவை, அதாவது அவங்க பதிவு இருக்கற வரியை, விட்டுட்டு மத்தவங்ககிட்ட இருக்கான்னு பாக்கணும். வெப் அப்ளிகேஷன் எழுத உதவுற லாராவெல்ங்கற கருவில இதுக்குன்னே இக்னோர்னு (இந்த ரோவை விட்டுடுன்னு சொல்றது) ஒண்ணு இருக்கு, ஒரு வரி வேலை.

இன்னொண்ணு, மொபைல் நம்பர ஆளுக்கு ஒண்ணுன்னு முடிவு பண்றதே தப்புங்க. எத்தனையோ வீட்ல தாத்தா பாட்டி பேரப்பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே போன்தான். கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு பண்ற கோவின் சைட்ல ஒரு நம்பருக்கு 4 பேர்னு வச்சிருந்தாங்க, 2022 ஜனவரில அதை 6 பேராக்குனாங்க, ஆதார்ல கூட ஒரே மொபைலை குடும்பத்துல எல்லாருக்கும் குடுக்கலாம். அதோட ஒருத்தர் விட்ட நம்பர் 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போயிடலாம், பாவம் அந்தப் புது ஆள் எங்க போனாலும் "ஏற்கனவே பதிவாகியுள்ளது"தான்.

நெஜமாவே ஒண்ணுதான் இருக்கணும்னா, ஆதார் நம்பர் மாதிரி, அதை ஒழுங்கா பாருங்க. கார்டுல நாலு நாலா இடம் விட்டு அச்சடிச்சிருக்கு, ஒருத்தர் அப்படியே இடம் விட்டு டைப் பண்றாரு, இன்னொருத்தர் சேத்து டைப் பண்றாரு, ஸ்பேஸை எடுக்காம ஒப்பிட்டா ரெண்டும் வேற வேறயா தெரியும். அப்புறம் புரோகிராம் கோட்ல மட்டும் செக் பண்ணிட்டு விட்டுடறாங்க, நெட் ஸ்லோவா இருந்து ஒருத்தர் ரெண்டு தடவை சப்மிட் அழுத்துனா ரெண்டு ரிக்வெஸ்டும் ஒரே நேரத்துல "இல்ல"ன்னு பதில் வாங்கிட்டு ரெண்டு ரோ விழுந்துடும், பின்னாடி அந்த ஆளையே ரெண்டு விண்ணப்பம் போட்டதா சொல்லி நிராகரிச்சா அவர் எங்க போய் முறையிடுவார்? பதிவெல்லாம் சேமிக்கற டேட்டாபேஸ்லயே யூனிக் இண்டெக்ஸ், அதாவது ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாதுங்கற கட்டுப்பாடு, போட்டாதான் ரெண்டாவது உள்ளயே வராது.

இதைப் படிக்கிற டெவலப்பர்ஸ், டெஸ்டர்ஸ் எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சைட்ட மக்களுக்கு விடறதுக்கு முன்னாடி ஒரு பழைய ரெக்கார்டைத் திறந்து எதையும் மாத்தாம சேவ் மட்டும் அழுத்திப் பாருங்க, அது சேவ் ஆகணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை