விடுதலைப் படங்களில் நம்மவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியர் சரணடைந்த நாளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட பழைய படங்களைப் பார்த்தேன். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் அறிக்கை வாசிக்கிறார். ஜப்பானியத் தளபதிகளைக் காவலோடு நடத்தி வருகிறார்கள். பாடாங் திடலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம் நிற்கிறது. இவற்றைத் தேடி எடுத்துப் போட்டதற்கு நன்றி. ஆனால் படங்களுக்குக் கீழே "இந்தியச் சிப்பாய்கள்", "மகிழ்ச்சியில் மக்கள்" என்று இரண்டிரண்டு சொல்லில் முடித்திருக்க வேண்டாம். தமிழ்ப் பத்திரிகை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சிப்பாய்கள், செப்டம்பர் 5 அன்று இங்கே வந்திறங்கிய ஐந்தாவது இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் போரிட்டு வந்த படை அது. சரணடைதல் பத்திரத்தில் ஜப்பானியத் தளபதி இதாகாகி கையெழுத்துப் போட்டபோது, இந்தியாவின் பிரதிநிதியாக அங்கே இருந்தவர் பிரிகேடியர் திம்மையா. இவ்வளவையும் படத்துக்குக் கீழே இரண்டு வரியில் அச்சிட்டுவிடலாம்.

கூட்டத்தைப் பற்றி அப்படிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதே நகராட்சிக் கட்டடத்தின் முன்னால்தான், 1943 ஜூலை 5 அன்று, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த ஐ.என்.ஏ (இந்திய தேசிய ராணுவம்) படையின் அணிவகுப்பை நேதாஜி பார்வையிட்டார். மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். என் பெரியம்மா ஐ.என்.ஏ-வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். வாட்டர்லூ ஸ்திரீட் முகாமில் பயிற்சி எடுத்தவர். சீருடையில் அவரை எடுத்த படம் ஒன்று வீட்டில் இருந்திருக்கிறது. பிரிட்டிஷார் திரும்பி வருகிறார்கள் என்று உறுதியானதும் தாத்தா அதை அடுப்பில் போட்டுவிட்டார். தாத்தாவின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1945 ஜூலையில் எஸ்பிளனேட் அருகே நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ நினைவுச் சின்னத்தை பிரிட்டிஷார் வந்த வேகத்தில் இடித்துத் தள்ளினார்கள். கல்லையே விட்டுவைக்காதவர்கள் ஒரு பெண்ணின் படத்தை விட்டுவைப்பார்கள் என்று எந்தக் குடும்பம் நம்பும்?

அதனால்தான் சொல்கிறேன். இன்று நாம் பார்க்கும் விடுதலைப் படங்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் ராணுவப் புகைப்படக்காரர்கள் எடுத்தவை. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. சாங்கி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வெளியே வந்த கைதிகளை அவர்கள் படம் எடுத்தார்கள், எடுத்திருக்கவும் வேண்டும். ஆனால் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்கள் ஊர் திரும்பியபோது அப்படி எத்தனை கேமராக்கள் காத்திருந்தன? அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கும் மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கற்களை வரிசையாகப் பார்க்கலாம். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர்க்கல் இல்லை.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே மனதோடு நின்றிருக்க மாட்டார்கள். ஜப்பான்காரன் போனான் என்று உண்மையாகவே மகிழ்ந்தவர்கள் உண்டு. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று மூன்றரை வருடம் ஓட்டியவர்களுக்கு வேறெப்படி இருக்கும்? சயாமுக்குப் போன கணவன் வருவானா என்று தெரியாமல் நின்றவர்களும் இருந்திருப்பார்கள். மகனின் ஐ.என்.ஏ சட்டையை எங்கே புதைப்பது என்ற கவலையோடு நின்றவர்களும் இருந்திருப்பார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அன்று 10 வயதாக இருந்தவர்கள் இன்று 90 வயதைத் தொட்டுவிட்டார்கள். அடுத்த முறை இந்தப் படங்களை அரைப் பக்க அளவுக்காவது பெரிதாகப் போடுங்கள். தேதி, இடம், எடுத்தவர் யார் என்று தெரிந்தவரை குறிப்பிடுங்கள். அப்புறம், "இதில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று வாசகர்களைக் கேளுங்கள். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தமிழர்கள் பேசிய வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து நாலு வரி எடுத்து, படத்தின் பக்கத்திலேயே அச்சிடலாம். பழைய படங்களுக்குப் பொதுமக்களே விவரம் எழுதும் திட்டத்தையும் காப்பகம் 2015-இல் தொடங்கியது. நம் வாசகர்களுக்கு அதைப் பற்றி ஒரு செய்தியாவது போடுங்கள்.

அடுப்புக்குத் தப்பிய படம் ஏதாவது ஒரு வீட்டுப் பெட்டியில் கட்டாயம் இருக்கும். அதை வைத்திருப்பவர்கள், பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். முதியவர்களின் வீட்டுக்குப் போய்ப் படங்களைக் காட்டிப் பேச உங்கள் நிருபருக்குத் துணை தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். வாழ்நாள் முழுக்க தாதியாக வேலை பார்த்தவள் நான். காது மந்தமானவர்களிடமும் பொறுமையாகக் கேட்டு வாங்கத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்