வேருள்ள செடிக்கு வெட்டிய மரத்தின் குறிப்பா?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான பராமரிப்புக் குறிப்பால் கிறிஸ்துமஸ் மரம் அழுகிப்போனது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். டிசம்பர் தொடக்கத்தில் தங்கள் இணையதளத்தில் ‘உயிருள்ள கிறிஸ்துமஸ் மரம்’ ஒன்றை ரூ.2,850 செலுத்தி வாங்கினேன். சாந்தோமில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது இடுப்பளவு உயரத்தில், அடுக்கடுக்காகக் கிளை விரித்த அரக்கேரியா என்னும் ஊசியிலைச் செடி. செடியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதனுடன் வந்த பராமரிப்புக் குறிப்பு அட்டையில்தான்.

“அடிமரம் எப்போதும் தண்ணீரில் நிற்க வேண்டும், ஒரு நாள்கூட வற்றவிடாதீர்கள்” என்கிறது அந்த அட்டை. இது குளிர்நாடுகளில் பண்ணையில் வளர்த்து வெட்டி விற்கும் ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கான குறிப்பு. அவற்றுக்கு வேர் கிடையாது. வெட்டுவாய் வழியாகத்தான் நீர் ஏறும். தண்ணீர் வற்றினால் வெட்டுவாயைப் பிசின் மூடிக்கொள்ளும், இலைகள் காய்ந்து உதிரும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அங்கே அது மிகச் சரியான அறிவுரை. ஆனால் நீங்கள் எனக்கு விற்றது வேரோடு தொட்டியில் இருக்கும் செடி. பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்துக்கு நல்ல வெளிச்சமும் காற்றில் ஈரப்பதமும் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மழைக்கால ஈரம் விலகாத டிசம்பர் மாதச் சென்னையில் மண் காயவே நாளாகும். போதாக்குறைக்கு, நீங்கள் அனுப்பிய அலங்காரத் தொட்டியின் அடியில் ஒரு துளைகூட இல்லை.

கீழ்க்கிளைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கியதும் தங்கள் உதவி எண்ணை அழைத்தேன். “மேடம், தண்ணீர் போதவில்லை. அட்டையில் இருப்பதுபோல நிறைய ஊற்றுங்கள்” என்றார் தங்கள் ஊழியர். அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்ததும் அதே அட்டைதானே.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். சாக்கடை வாடை அடித்தது. வேர்கள் கறுத்து, விரல் பட்டதும் தோல் உரிந்து நார்நாராகக் கையோடு வந்தன. இலைகளின்மேல் நீங்கள் தெளித்தனுப்பிய வெள்ளிப்பொடி மட்டும் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தை நம்பி வாழும் இலையில் அதைப் பூசுவதும் தவறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா காலத்தில் சவுக்குக் கிளை வாங்கி நட்டுவைப்போம். புத்தாண்டுக்குள் காய்ந்துவிடும், தூக்கி எறிவோம். அப்படி எறியாமல் மாடியில் வளர்த்து ஆண்டுதோறும் அதே மரத்தில் நட்சத்திரம் கட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு விலை கொடுத்தேன். அரக்கேரியா இழந்த கீழ்க்கிளைகள் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே இதே அட்டையோடு செடி வாங்கிய மற்ற வீடுகளுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். தண்ணீரை நிறுத்தினால் சில செடிகளாவது பிழைக்கும். எனக்கு இதுதான் முதன்மையான கோரிக்கை.

அட்டையைத் திருத்தி, துளையுள்ள தொட்டியில் மட்டுமே செடியை விற்க வேண்டும். நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தையும் நாடுவேன்.

ரசீது, அட்டை, அழுகிய வேர் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
சாந்தோம், சென்னை