நம் ரயில்களைப் பயங்கரவாதம் தொட்டதே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பொதுப் போக்குவரத்துப் பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் உலகத்தையே சுற்றி வந்திருக்கிறார். மாட்ரிட் 2004 மார்ச் 11, லண்டன் 2005 ஜூலை 7, மும்பை 2006 ஜூலை 11 என்று ரயில்களில் குண்டு வெடித்த ஒரு தேதிகூடப் பிசகவில்லை. பாராட்டுகள். அப்புறம் கடைசிப் பத்தியில், “நல்லவேளையாக, தென்னாப்பிரிக்க ரயில்களைப் பயங்கரவாதம் தொட்டதே இல்லை” என்று ஒரு வரி. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1964 ஜூலை 24 அன்று ஜோகன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதியில், ஒரு சூட்கேஸுக்குள் இருந்த குண்டு வெடித்தது. வைத்தவர் ஜான் ஹாரிஸ், நிறவெறி அரசை எதிர்த்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியர். ஒரு மூதாட்டி இறந்தார், 23 பேர் காயமடைந்தார்கள். குண்டு இருப்பதாகப் போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் அவரே முன்கூட்டிப் போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் ஸ்டேஷனைக் காலி செய்யவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுக்க லண்டனுக்கா போக வேண்டும்?

சரி, அது பழைய கதை என்பீர்கள். 1990 செப்டம்பர் 13 எந்தக் காலம்? ஜோகன்னஸ்பர்க்கில், துப்பாக்கியும் பங்கா என்னும் நீண்ட வெட்டுக்கத்தியுமாக ஒரு கும்பல் ஓடும் ரயிலில் பெட்டி பெட்டியாகப் புகுந்து வெட்டியது. பென்ரோஸ் ஸ்டேஷன் வருவதற்குள் உயிருக்குப் பயந்து வெளியே குதித்தவர்கள் எத்தனையோ பேர். 26 பேர் செத்தார்கள். அன்றோடு நிற்கவும் இல்லை. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தப் பகுதி ரயில்களில் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். நீதிபதி கோல்ட்ஸ்டோன் தலைமையிலான ஆணையம் விசாரித்தது, நிறவெறிக் காலக் கொடுமைகளைப் பதிவு செய்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் எழுதி வைத்திருக்கிறது. கொன்றவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பிடிபடவே இல்லை. இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின உழைப்பாளிகள். அதனால்தான் நம் கட்டுரையாளரின் பட்டியலில் இடம் கிடைக்கவில்லையோ என்னவோ.

நான் அப்போது லெனேசியாவில் அக்கா வீட்டில் தங்கி, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் ரயில்தான். கதவருகே நின்றால் வெளியே தள்ளிவிடுவார்கள், உள்ளே உட்கார்ந்தால் ஓட வழி இருக்காது. எங்கே நிற்பது என்பதுதான் அப்போதெல்லாம் காலையில் எங்கள் பேச்சே. காலை ரயிலில் ஒரு பெட்டி முழுக்க ஜனங்கள் ஜெபப் பாட்டுப் பாடிக்கொண்டே வருவார்கள். அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை, நானும் அதில்தான் ஏறுவேன். க்ளிப்டவுனில் ஏறும் கடைச் சிப்பந்தி ஒருவர், பென்ரோஸ் செய்தி வந்த வாரத்திலிருந்து ரயிலையே விட்டுவிட்டார். சம்பளத்தில் பாதி டாக்ஸிக்குப் போனது. போலீஸ்காரர் ஒருவரைப் பெட்டிக்குள் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. டிக்கெட் பரிசோதகர் மட்டும் தவறாமல் வருவார்.

இந்த லட்சணத்தில், ஸ்டேஷன் வாசலில் விமான நிலையம்போல ஸ்கேனர் வைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். மாட்ரிட்டில் வைத்திருக்கிறார்களாம். ஆமாம், நெடுந்தூர அதிவேக ரயிலுக்கு. 2004-ல் குண்டு வெடித்த நான்கும் புறநகர் ரயில்கள், அவற்றில் ஏறுகிறவர்களின் பையை இன்றும் யாரும் ஸ்கேனரில் போடுவதில்லை. அவசரமாக வேலைக்குப் போகும் கூட்டத்தை அப்படி நிறுத்தினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும், அப்புறம் அந்த வரிசையே குறியாகும். 2016 மார்ச் 22-ல் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது சோதனைக்கு முன்னால் உள்ள கூடத்தில்தான்.

நம் டர்பனில் பெரியா ரோடு ஸ்டேஷனை நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் வார்விக் சந்தைக்குச் சோள மூட்டையும் கீரைக்கட்டுமாக இறங்குகிற பாட்டிமார்களை நிறுத்தி, மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்வதா? 2020 ஊரடங்கில் ரயில் நின்றிருந்தபோது நாடு முழுக்கச் செம்புக் கம்பியிலிருந்து தண்டவாளம் வரை கழற்றிக்கொண்டு போனார்களே, ஸ்கேனருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையும் அவர் எழுதியிருக்கலாம்.

வேண்டியது ஆட்கள். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷத்தைப் பரப்பியபோது, பொட்டலங்களை அப்புறப்படுத்தப் போன ஸ்டேஷன் ஊழியர்கள் உயிரையே கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் அங்கே இருந்தார்கள். போன வருஷம் இங்கே ஒரு ஸ்டேஷனில் (பெயர் வேண்டாம்) பிளாட்பாரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையைப் பற்றிச் சொல்லலாம் என்று பார்த்தேன். டிக்கெட் ஜன்னல் மூடிக் கிடந்தது. பலகையில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பையன் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுடையதுதானா, தெரியாது.

இதெல்லாம் என் சொந்தப் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். மேற்கு கேப் பயணிகள் தொடுத்த வழக்கில், பயணிகளின் பாதுகாப்புக்கு நியாயமான ஏற்பாடு செய்வது ரயில் நிர்வாகத்தின் கடமை என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. 2011 புத்தாண்டு அன்று பிரிட்டோரியாவில் ஓடும் ரயிலிலிருந்து திருடர்கள் வெளியே தள்ளிய ஒருவருக்குக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கதவைத் திறந்தபடி ரயிலை ஓட்டியது அலட்சியம் என்று 2015-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு! ஸ்கேனர் இல்லை ஐயா, கதவு. இந்த இரண்டு தீர்ப்பையும் பற்றி நம் பத்திரிகையில் ஒரு வரி வந்ததுண்டா? அந்தப் பக்கங்களில் ஆடி மாதக் கஞ்சி விழாவில் அதிகாரிகளுக்குப் பொன்னாடை போர்த்துகிற படங்கள் வந்திருக்கும். போர்த்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்த்தும்போது ரயில் கதவை எப்போது சாத்துவீர்கள் என்று காதில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதே விஷயமாக முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். அதில் பாதியை வெட்டி, மிச்சத்தை ஜாதகப் பலனுக்குக் கீழே போட்டிருந்தீர்கள். இடப் பற்றாக்குறை, புரிகிறது.

இந்த முறை நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பார்க் ஸ்டேஷன், பென்ரோஸ் இரண்டும் தேதியோடு இருக்கட்டும். கட்டுரையாளர் பெயரைப் போட வேண்டாம், அவர் மனம் நோக வேண்டும் என்பது என் எண்ணமல்ல. இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தையே வெட்டிக்கொள்ளுங்கள், திருத்தத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்