பதில் கேட்காத கோப்பு

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஏற்காட்டுத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருக்கும் மிளகைக் குத்தகைக்கு விடுவது குறித்துக் காணொளியில் கூடிப் பேசலாம் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காலண்டர் கோப்புக்குச் சித்தப்பாவும் அத்தையும் பதிலே தரவில்லை என வருந்தியிருந்தாய். அவர்கள் மீது குறையில்லை. இருவருமே கோப்பைத் தங்கள் காலண்டரில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அப்படிச் சேர்ப்பதால் மட்டும் உனக்கு எந்தப் பதிலும் வந்து சேராது.

கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். 1998-இல் வரையறுக்கப்பட்டு, 2009-இல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாகப் புதுப்பிக்கப்பட்ட ஐகேலண்டர் என்ற காலண்டர் கோப்பு வடிவத்தில், அழைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் ‘அட்டெண்டி’ என்றொரு வரி உண்டு. அதற்குள் ‘ஆர்எஸ்விபி’ என்பது அவரிடம் பதில் எதிர்பார்க்கிறோமா என்பதையும், ‘பார்ட்ஸ்டாட்’ என்பது அவர் வருவதாகச் சொன்னாரா, மறுத்தாரா, இன்னும் சொல்லவில்லையா என்பதையும் குறிக்கும். ஆர்எஸ்விபி எழுதப்படாவிட்டால் பதில் வேண்டாம் என்றே பொருள். உன் கோப்பில் அது எங்குமே இல்லை. போதாதற்கு, கோப்பை எதற்காக அனுப்புகிறோம் என்று மேலே குறிக்கும் ‘மெத்தட்’ வரியில் ‘ரிக்வெஸ்ட்’ என்பதற்குப் பதிலாக ‘பப்ளிஷ்’ என்றிருக்கிறது. அது தகவலுக்காக வெளியிடுவதே தவிர அழைப்பு அன்று.

மாமா வரச் சம்மதித்துவிட்டார் என்று நீ எழுதியதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கேட்டால், அவர் கோப்பைத் திறக்கவே இல்லை என்கிறார். சென்ற ஆண்டுக் கோப்பிலேயே தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறாய் போலும். அப்போது அவர் தந்த ‘அக்செப்டட்’ என்ற சம்மதம் அப்படியே தங்கிவிட்டது. நான் அலுவலகத்தில் சுற்றறிக்கை அனுப்பிய காலத்தில், பழைய தாளில் இருந்த கையெழுத்தைப் புதிய தாளுக்குச் சம்மதமாக எவரும் கொண்டதில்லை. ‘யுஐடி’ என்ற அடையாள எண்ணும் பழையதே என்பதால், சில செயலிகள் இதைப் புதிய கூட்டமாகக் கருதாமல், முடிந்துபோன கூட்டத்தின் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆர்எஸ்விபியை ‘ட்ரூ’, அதாவது பதில் வேண்டும், என மாற்றி மறுபடி வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று உனக்குத் தோன்றும். பயனில்லை, கூகுள் காலண்டரில் கோப்பை இறக்குமதி செய்யும்போது விருந்தினர் பட்டியல் உள்ளே வருவதில்லை, பட்டியலே இல்லாதபோது பதிலளிக்கும் பொத்தானும் இராது. ஆகவே உன் காலண்டரில் புதிய நிகழ்ச்சி ஒன்றை உருவாக்கி, அதிலேயே அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து அழைப்பை அனுப்பு. அவுட்லுக்கிலிருந்து அனுப்புவதானால் பதில் கேட்கும் ‘ரிக்வெஸ்ட் ரெஸ்பான்சஸ்’ என்பதில் டிக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அவர்கள் மின்னஞ்சலில் ஆம், இல்லை என்று அழுத்தினால் அது ‘ரிப்ளை’ என்ற வகையில் திரும்பி வந்து, உன் பட்டியலில் தானாகப் பதிவாகும்.

அத்தை மின்னஞ்சல் பார்க்கும் வழக்கம் இல்லாதவர். அவரிடம் நீயே போனில் கேட்டுவிடு. சனிக்கிழமை மாலையை மட்டும் தவிர்த்துவிடு, அன்று சித்தப்பா தோட்டத்தில் கூலி கொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
அப்பா